நான் குறுக்கே பேசிய இடம்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும் பெண்களின் கை நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. யாராவது கொஞ்சம் தயங்கினால் போதும், "ம்ம், அடுத்தது, அடுத்தது" என்று அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன். பிள்ளைகள் படித்து முடிக்கும் வரைக்கும் இப்படியே போயிற்று. பிறகு முதலாளிகள் தொழிற்சாலையை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் பெல்ட் இல்லை. அலமாரியைக் கலைத்து அடுக்கினேன். மறுவாரம் அதையே வேறு விதமாக அடுக்கினேன். பூச்சட்டிகளை வாசலுக்கும் கொல்லைக்கும் மாற்றி மாற்றி இழுத்தேன். என் கணவர் பொறுமையான மனிதர். அவருடைய மூக்குக் கண்ணாடியை நான் எங்கே எடுத்து வைத்தேன் என்று எனக்கே மறந்துபோன நாளில்தான் வாயைத் திறந்தார். "ஒனக்கு எங்கயாச்சும் ஒரு வேலை பாத்துக் குடுக்கணும்லா. இல்லன்னா நான் எங்கயாச்சும் வேலைக்குப் போகணும்."

வேலை வீடு தேடி வந்தது. நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் கோலசிலாங்கூர் பக்கம். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். பிறகு நிலத்தையே விற்றுவிட்டார்கள். தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்தில் இப்போது கேட் போட்ட மாடி வீடுகள். கோயிலை மட்டும் ஓரமாக ஒரு துண்டு நிலம் கொடுத்து மாற்றிக் கட்டச் சொன்னார்கள். கட்டி முடித்துக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாயிற்று. கோயில் தலைவர் தோட்டப் பள்ளியில் என்னோடு படித்தவர். பத்திரிகை வைக்க வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு மண்டபத்துல பெரிய திரை கட்டி, நம்ம தோட்டத்துப் பெருசுங்க பேசறதக் காட்டலாம்னு இருக்கோம். எல்லாரும் ஈஜோக், ரவாங், கோலகுபுன்னு செதறிக் கெடக்கறாங்க. ஒவ்வொருத்தரா போயிக்கிட்டும் இருக்காங்க. நீ போயி ரெக்கார்ட் பண்ணிட்டு வந்துரு."

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"போன்ல செவப்புப் பொத்தான அமுக்கத் தெரியும்ல? ஒங்கிட்ட ஓட்டிக்கிட்டுப் போகக் காடி இருக்கு, நேரமும் இருக்கு. மொதல்ல ஆயாவ எடு. நம்ம எல்லாருக்கும் பால் புட்டி புடிச்ச கை அது."

ஆயா என்றால் எங்களுக்குப் பாட்டி இல்லை. தோட்டத்தில் ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருந்தது. விடிவதற்கு முன்பே தாய்மார்கள் கைக்குழந்தைகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அங்கே விட்டுவிட்டுப் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டப் போவார்கள். நீளமான கொட்டகையில் வரிசையாகத் துணி ஏணைகள் தொங்கும். அந்த ஏணைகளை ஆட்டவும், கழுவி விடவும், கஞ்சி ஊட்டவும் நிர்வாகம் வைத்திருந்த பெண்தான் ஆயா. எங்கள் தோட்டத்து ஆயா வேதக்காரர். எங்கள் எல்லாரையும் கர்த்தர் பாட்டுப் பாடித்தான் தூங்க வைத்தாராம். அது தெரிந்தும் கோயில் பூசாரி தன் பிள்ளைகளை அவரிடம்தான் விட்டிருந்தார்.

இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். ஈஜோக்கில், செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் மண் சாலையின் கடைசியில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் போனபோது முன்கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் இன்னாருடைய மகள் என்று சொன்னதும் கருவாட்டுக் கையோடு என் முகவாயைப் பிடித்துப் பார்த்தார்.

"ஏணையில படுக்கவே மாட்ட நீ. எறக்கி விடு எறக்கி விடுன்னு கத்துவ."

கைப்பேசியை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்தேன். கேள்விகளை மனத்தில் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். கொட்டகை எங்கே இருந்தது, எத்தனை பிள்ளைகள், என்ன கஞ்சி, யாருக்காவது உடம்புக்கு வந்தால் என்ன செய்வீர்கள். ஆயா நிதானமாகப் பேசினார். நான் எல்லாக் கேள்விகளையும் கேட்டு முடித்து, மருமகள் கொடுத்த கோப்பியையும் குடித்துவிட்டு, மழை வருவதற்குள் வீடு வந்து சேர்ந்தேன். ஒரு பேச்சு முடிந்தது, அடுத்தது யார் என்று தலைவருக்குச் செய்தி அனுப்பினேன். எனக்கு என் மேல் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் மத்தியானம் சமைத்துக்கொண்டே பதிவைப் போட்டுக் கேட்டேன். கணவர் சோபாவில் படுத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே கேட்டார்:

"ஆயா எப்ப பேசுவாங்க?"

"பேசிக்கிட்டுதான இருக்காங்க."

"நீதான் பேசற."

வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். அவர் சொன்னது சரிதான். ஆயா ஒரு விஷயத்தை ஆரம்பிப்பார். மூச்சு வாங்க நிறுத்துவார். அந்த இடைவெளியில் என் குரல் புகுந்துவிடும். "சரிங்க ஆயா, அப்புறம்?" "ஆமா ஆமா, தெரியும், அடுத்து?" கேட்கக் கேட்க உடம்பு கூசியது. லைனில் அந்தப் பெண்களுக்கு நான் எப்படிக் கேட்டிருப்பேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாதிக்கு மேல் ஓடியிருக்கும். ஆயாவின் குரல் சற்றுத் தணிந்தது. "ஒங்கம்மா ஒரு நா, ஒன்ன எங்கிட்ட விட்டுட்டுப் போனது..." என்று சொல்லி நிறுத்தினார். கருவாட்டுத் தலை கிள்ளும் சத்தம்கூட நின்றது. உடனே நான், உற்சாகமாக: "சரிங்க ஆயா, கொட்டாய்ல ஒரே நேரத்துல எத்தன புள்ளைங்க இருப்பாங்க?"

கொஞ்சம் பொறுத்து ஆயா, "இருக்கும், நெறைய," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கஞ்சிக்குப் போய்விட்டோம்.

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப அந்த இடத்தைப் போட்டேன். என்னை விட்டுவிட்டுப் போனது. எங்கே போனது? வேலைக்கு என்றால் அது தினமும் நடப்பது, "ஒரு நா" என்று ஏன் சொல்ல வேண்டும்? அதற்கு முன்னாலும் பின்னாலும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. சமையல் அன்றைக்குப் பாதியில் நின்றது. கணவர் கடையில் போய் மீ நூடுல்ஸ் வாங்கி வந்தார்.

அம்மா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அப்பா அதற்கும் முன்னால். அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். மரம் வெட்டினார், பால் எடுத்தார், சமைத்தார், துவைத்தார், மாலையில் தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டில் பாத்திரம் கழுவினார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கூட நான் பார்த்த ஞாபகம் இல்லை. அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே சட்டியை வழித்துச் சாப்பிடுவார். அப்படிப்பட்டவர் எங்கே போயிருக்க முடியும்?

என்னைவிட ஆறு வயது மூத்த அண்ணன் ரவாங்கில் இருக்கிறார். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குப் போன் போட்டேன்.

"அம்மா நம்மள விட்டுட்டு எங்கயாச்சும் போயிருக்காங்களா, அண்ணே? நான் கைக்கொழந்தையா இருந்தப்ப?"

"யாரு சொன்னா?"

"ஆயா. முழுசா சொல்லல."

"வயசானவங்க ஆயிரம் சொல்லுவாங்க. அம்மா எங்க போவாங்க? போறதுக்கு எடம் ஏது? நீ சும்மா இருக்க முடியாம எதையாச்சும் நோண்டிக்கிட்டே இருக்க." வைத்துவிட்டார். "யாரு சொன்னா" என்று கேட்ட வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. தெரியாத ஒன்றைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை.

பிஸ்கட் டின் ஒன்றை வாங்கிக்கொண்டு மறுபடியும் ஈஜோக்குக்குப் போனேன். இந்த முறை மருமகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஆயா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "என்னமோ சொன்னேன், ஞாபகம் இல்லயே," என்றார். விடாமல் கைப்பேசியை எடுத்து அவர் காதருகே வைத்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. "என் கொரலு இவ்வளவு கெழடா?" பிறகு அந்த வரி வந்தது. ஆயா மருமகளை ஒரு பார்வை பார்த்தார். கை மறுபடியும் பூண்டுக்குப் போயிற்று.

"விட்டுட்டு வேலைக்குப் போச்சு. எல்லாரும் போன மாதிரி. வேற என்ன?"

"இல்லீங்க ஆயா, ஒரு நாள்னு சொன்னீங்களே."

"ஒரு நாளா, தெனமும்தான்."

"அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டையா? ஊருக்குப் போனாங்களா? ஒடம்பு சரியில்லயா?"

ஆயா உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டார். மருமகள்தான் எழுந்து, "கோப்பி போடட்டாக்கா?" என்று கேட்டார். போகச் சொல்கிறார் என்று புரிந்தது. காடியில் ஏறியதும் ஸ்டீயரிங்கைக் கையால் குத்தினேன். ஹாரன் அடித்துக் கோழிகள் சிதறின.

மற்றவர்களையும் எடுக்க வேண்டியிருந்தது. அம்பாங் பெச்சாவில் ஒரு முதியவர், எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் லோரியில் போனவர். இந்த முறை வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று தீர்மானித்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பேசாமல் வெளியே வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கால் தானாக ஆடத் தொடங்கியது. தாங்க முடியாமல் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தேன். அவர் மனைவி என் முழங்காலில் கையை வைத்தார். "அவரு யோசிக்கிறாரும்மா. மறந்துட்டாருன்னு நெனச்சிக்காத." உண்மைதான். கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடங்கினார். வெள்ளத்தில் லோரி கவிழ்ந்து வாய்க்கால் முழுக்க வெள்ளையாகப் பால் ஓடியதையும், துரை வருவதற்குள் பிள்ளைகள் அதில் இறங்கி விளையாடியதையும் சொன்னார். நான் நினைத்துக்கூடப் பார்க்காத கதை அது. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் மனம் ஈஜோக்கில் இருந்தது.

கும்பாபிஷேகத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஆயாவின் மருமகளிடமிருந்து போன் வந்தது. ஆயாவுக்குக் கோலசிலாங்கூரில் கண் பரிசோதனை. மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. மருமகளுக்கு மோட்டார் சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். "ஒங்களுக்கு முடியுமாக்கா?" என்று தயங்கிக் கேட்டார். அவர் பேசி முடிப்பதற்குள் சரி என்றேன்.

போகும்போது ஆயா மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்துகொண்டே வந்தார். கண்ணில் மருந்து விட்டு, உட்கார வைத்து, மறுபடியும் மருந்து விட்டு, ஒருவழியாகப் பார்த்து அனுப்பினார்கள். புரை முற்றவில்லை, பிறகு வரலாம் என்றார்கள். மருந்து விட்டதால் வெளிச்சம் கூசும் என்று சொல்லிக் கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்கள். முகத்தை விடப் பெரிதான அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆயா என் கையைப் பிடித்து நடந்தார்.

திரும்பும் வழியில் செம்பனைக் குலை ஏற்றிப்போன லோரி ஒன்று பாதி ரோட்டில் குலைகளைக் கொட்டிவிட்டு நின்றிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. ஏர்கோன் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. என் கைப்பையும் அதற்குள் கைப்பேசியும் பின் சீட்டில் கிடந்தன.

"நீ தெரியலயே எனக்கு. எல்லாம் மங்கலா இருக்கு," என்றார் ஆயா.

"மருந்து, ஆயா. சாயங்காலம் சரியாயிடும்."

"இருக்கட்டும்." பிறகு, முன்னால் நிற்கும் வண்டியிடம் சொல்வதைப் போல, "அன்னிக்கு வேலைச் சட்டைக்கு உள்ள நல்ல சீல கட்டியிருந்துச்சு ஒங்கம்மா," என்றார்.

என் வாயில் கேள்வி வந்துவிட்டது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன்.

"விடியல, இன்னும் இருட்டு. ஒன்ன ஏணையில போட்டுச்சு. ஏன்டி நல்ல சீலன்னு கேட்டேன். வேலைக்கு ஆள் எண்ணுற மண்டோரு கேட்டா எனக்குக் காச்சல்னு சொல்லிடுங்கக்கான்னுச்சு. எங்க போறன்னேன். எங்கயாச்சும் போயி கொஞ்ச நேரம் சும்மா உக்காரணும்க்கா, அவ்வளவுதான், அப்படின்னுச்சு. சட்டைய கழட்டி என் கையில குடுத்துட்டு ரோட்டுப் பக்கமா போயிருச்சு."

முன்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். ஆயா காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"பத்து மணி வாக்குல எல்லாரும் புள்ளைக்குப் பால் குடுக்க வந்தாங்க. ஒங்கம்மா வரல. நீ கத்துற. வேற ஒருத்தி ஒன்னத் தூக்கி அவ பால குடுத்தா. யாரும் எதுவும் கேக்கல. மத்தியானம் எல்லாரும் புள்ளைங்கள எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நீ மட்டும் ஏணையில. அப்பறம் ஒங்கப்பா வந்துச்சு. பக்கத்துத் தோட்டத்துல ஒரு புள்ளைக்கு வலிப்பு, அவங்களுக்குத் தொணையா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்னேன். நான் ஜெபக் கூட்டத்துக்குப் போறவ. பொய் பேசுனதில்ல. அன்னிக்குப் பேசினேன். நம்புச்சோ என்னமோ, தலைய ஆட்டிட்டுப் போயிருச்சு."

"அப்பா அடிப்பாரா, ஆயா?" இந்த ஒன்றை அடக்க முடியவில்லை.

"ச்சே. அது பாட்டுக்கு இருக்கும். நல்ல மனுசன். ஒங்கம்மாவும் நல்ல மனுசிதான். ரெண்டு பேரும் சண்ட போட்டு நான் பாத்ததில்ல. ஒங்கம்மாவுக்கு அலுத்துப்போச்சும்மா. வேற என்ன சொல்றது? எனக்கு வயித்துல ஆறு மாசம். கொட்டாயப் பூட்டணும். ஒன்ன வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? வராமப் போயிட்டா? கர்த்தரே, அனுப்பி வைச்சிருன்னு அழுதேன்."

மாலை பஸ்ஸில் அம்மா வந்தாராம். ரோட்டிலிருந்து கொட்டகைக்கு ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாராம். கையில் ஒரு பேப்பர் பொட்டலம் இருந்ததாம். என்னை வாங்கிக்கொண்டு கொட்டகைப் படியில் உட்கார்ந்து, மாரை எடுத்துக் கொடுத்தாராம்.

"வந்துட்டியான்னு கேட்டேன். வந்துட்டேன்க்கான்னுச்சு. வேலைச் சட்டைய மாட்டிக்கிட்டு ஒன்னத் தூக்கிக்கிட்டுப் போச்சு. மறுநா காலைல எப்பவும்போல வந்துச்சு."

"எங்க போனன்னு நீங்க கேக்கலயா?"

"கேக்கல."

"அப்புறமாச்சும்?"

"எதுக்கு? வந்துருச்சுல்ல." பிறகு கையைத் தேடி என் முழங்கையைப் பிடித்தார். "இதத் திரையில போட்றாத. அம்புட்டுப் பேரும் பாப்பாங்க. ஒங்கம்மாவப் பத்தித் தப்பாப் பேசுவாங்க. மருமவகூட நீ கேட்டு வந்தன்னிக்குப் பக்கத்துல இருந்தா, அதான் சொல்லல."

"போட மாட்டேன், ஆயா."

குலைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வழி விட்டார்கள். அவரை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பியவள், மண் சாலை முடியும் இடத்திலேயே காடியை நிறுத்தினேன். மறந்துவிடுவேனோ என்று பயம். பின் சீட்டிலிருந்து கைப்பையை இழுத்து, கைப்பேசியை எடுத்து, சிவப்புப் பொத்தானை அழுத்தி, ஆயா சொன்னதையெல்லாம் நானே சொல்லத் தொடங்கினேன். கடகடவென்று சொல்லி முடித்துவிட்டேன். போட்டுக் கேட்டால் செய்தி வாசித்த மாதிரி இருந்தது. அம்மா போனார், அம்மா வந்தார். ஆயா கர்த்தரிடம் அழுதது அதில் இல்லை. ஏணையில் நான் மட்டும் கிடந்தது இருந்தது, ஆனால் யாரோ ஒரு பிள்ளை கிடந்த மாதிரி இருந்தது. இன்னொரு முறை நிதானமாகச் சொல்லிப் பார்த்தேன். அது இன்னும் மோசம், அழுகை வந்து கெடுத்தது. இரண்டையும் அழித்தேன். பிறகு அழித்தது தப்போ என்று வீடு வரைக்கும் தவித்துக்கொண்டே ஓட்டினேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "ஒங்கம்மாவா?" என்றார். அவருக்கும் மாமியார் நின்றுகொண்டு சாப்பிட்டதுதான் ஞாபகம்.

கும்பாபிஷேகத்தன்று நல்ல கூட்டம். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். பந்திக்கு முன்னால் மண்டபத்தில் திரையைப் போட்டார்கள். கதவெல்லாம் திறந்து கிடந்ததால் படம் வெளிறித் தெரிந்தது. ஒலிபெருக்கி இரைந்தது. பிள்ளைகள் திரைக்குப் பின்னால் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். என் குரலையெல்லாம் தலைவரின் மகன் வெட்டி எடுத்திருந்தான். அதனால் ஆயா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே திடீர் திடீரென்று தாவினார். பால் லோரிக்காரர் வாய்க்காலைப் பற்றிச் சொன்னபோது மட்டும் பின் வரிசையில் சிலர் சத்தமாகச் சிரித்தார்கள். அந்த வாய்க்காலில் விளையாடியவர்கள் போல. ஆயா முன் வரிசையில் உட்கார்ந்து, "என்னய்யா இவ்வளவு கறுப்பா காட்றீங்க," என்று தலைவரைத் திட்டினார்.

அண்ணன் வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவரைப் பின்னால் போய்ப் பிடித்தேன். மோட்டார்கள் நிறுத்தியிருந்த இடத்தில், ஒரு மரத்தடியில் நிறுத்தி, ஆயா சொன்னதை வாயாலேயே சொன்னேன். இந்த முறை வந்தது. நல்ல சீலை, வேலைச் சட்டை, ஏணை, அப்பா, மாலை பஸ். அண்ணன் ஈரக் கையைத் துடைக்காமலே நின்றார்.

"பொட்டலம்னு சொன்னாங்களா?"

"ஆமா. பேப்பர் பொட்டலம்."

"சட்டை அது," என்றார். "எனக்கு. மஞ்சக் கலரு. கட்டம் போட்டது. தீபாவளியும் இல்ல, பொறந்தநாளும் இல்ல. ரொம்பப் பெருசு. வளந்துருவல்லன்னு சொன்னாங்க."

"நீ கேக்கலயா, எங்க வாங்குனீங்கன்னு?"

"அன்னிக்கு அப்பாதான் சோறு பொங்கினாரு. கொழஞ்சு போச்சு. நானும் அவரும் சாப்டுட்டு வாசலப் பாத்துக்கிட்டே இருந்தோம். எனக்கு பயம். அவரும் ஒண்ணும் சொல்லல. அம்மா ஒன்னத் தூக்கிக்கிட்டு வந்து சட்டையப் போட்டுப் பாருன்னாங்க. போட்டுக்கிட்டேன். அவ்வளவுதான்." ஈரக் கையை உதறிவிட்டு, "எனக்காகத்தான் போனாங்கன்னு நெனச்சேன், ரொம்ப நாளைக்கு. சட்ட வாங்கத்தான்னு. அப்பறம் பெரியவனானதும் அத யோசிக்கவே பிடிக்கல," என்றார்.

அவருக்கு அறுபது வயது. அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததே இல்லை. உள்ளேயிருந்து அண்ணி, "பாயாசம் ஆறுது" என்று கூப்பிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனே போன் போட்டார். "எங்கயும் போறியா? சும்மாதான இருக்க?" என்று கேட்டு, என்னை ஏற்றிக்கொண்டு கோலசிலாங்கூருக்குக் காடியை விட்டார். என்ன செய்யப் போகிறோம் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தோட்டத்து ரோட்டிலிருந்து காலையில் பஸ் ஏறினால் அங்கேதான் போயிருக்க முடியும் என்பது மட்டும் இருவருக்கும் தெரியும்.

பழைய கடைத்தெருவில் துணிக்கடை எதுவும் இல்லை. ஒன்றில் கைப்பேசி விற்றார்கள், ஒன்றில் கண்ணாடி. பஸ் நிற்கும் இடத்தில் சிமெண்டு இருக்கை ஒன்று இருந்தது. அண்ணன் அதில் உட்கார்ந்து பார்த்தார். "இங்க உக்காந்திருக்க மாட்டாங்க. வெயிலு," என்றார். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மலையில் ஏறினோம். குரங்குகள் என் கைப்பையைப் பார்த்துக் கிட்டே வந்தன. மரத்தடியில் ஒரு பெஞ்சு. "அப்ப இந்த பெஞ்சு இருந்திருக்காது, அண்ணே. புதுசு." "மரம் இருந்திருக்கும்ல. மரத்தடியில உக்காந்திருக்கலாம்." "நல்ல சீலையோட தரையிலயா?" இதற்காக இருவரும் கொஞ்சம் சண்டைகூடப் போட்டோம். அம்மா மலை ஏறியிருக்க மாட்டார், தெரியாத இடம் என்று அண்ணன். தெரியாத இடத்துக்குத்தான் போயிருப்பார் என்று நான்.

இறங்கி ஆற்றங்கரைக்குப் போனோம். படகுகள் கட்டிக் கிடந்தன. மீன் கடைகளில் பேரம் நடந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குப் பக்கத்தில் நிழல் விழும் இடத்தில் பழைய கற்கட்டு ஒன்று இருந்தது. அண்ணன் அதன் மேல் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இங்கேயா என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காற்று நன்றாக இருந்தது. ஆறு சேற்று நிறத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து போய் மீன் விலை கேட்டேன். இறால் கேட்டேன். வாங்காமல் அடுத்த கடைக்குப் போய் அங்கேயும் கேட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது அண்ணன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். போகலாமா என்று கேட்கப் போனவள், கேட்காமல் காடிப் பக்கம் நடந்தேன்.